பதினெட்டுத் துணைச்செவிகள்

மலை சரிவதற்கு முன் சத்தம் போட்டாக வேண்டும் என்று திணைக்களம் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கும் தாய்மார் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துக்கு மேலேயுள்ள சரிவில், மூன்று ஒலிக்கருவிகள் நடப்பட்டன. மண்ணுக்குள் ‘டக்’ என்றால் எந்தக் கருவிக்கு முதலில் கேட்டது என்று பார்த்து, வெடித்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாமாம். அதற்கு மூன்றிலும் மணி இம்மியும் பிசகக் கூடாது. ஆகவே மூன்றும் வானத்துச் செய்மதியிடம் நேரம் கேட்டுக்கொள்ளும்.

மடுவத்தில் பதினெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெற்றீசியாவுக்குச் செய்மதி தேவைப்படவில்லை. பின்சுவர் வெடிப்பில் போன மாதம் அவள் விரல் நுழைந்தது. இந்த மாதம் கையே நுழைந்தது. பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

“நேத்தும் மண்ணுக்குள்ள சத்தம் கேட்டுச்சுங்க சேர்,” என்றாள், கருவிகளுக்குப் பொறுப்பான அதிகாரி யோகேஸ்வரனிடம்.

“எத்தன மணிக்கு?”

“பிள்ளைங்க சாப்பிட்டுத் தூங்குனப்ப.”

“செய்மதிப்படி எத்தன மணி?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்?”

‘நேரமற்ற சத்தம், பரிசீலிக்க இயலாது’ என்று எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்தான். எழுதி முடித்ததும் அவள் கொடுத்த பிளேன்டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

கருவிகளும் அவரைச் சும்மா விடவில்லை. மரநிழலில் இருந்த ஒன்றுக்குச் செய்மதி எட்டாமல், நாலு விநாடி பிந்தியது. வானம் தடையின்றித் தெரியும் இடம் தோட்டத்தில் ஒன்றே ஒன்று: தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாப் புல்தரை. அங்கே கொண்டுபோனார்கள். ஒன்றைப் பிரித்தால் ஒற்றுமை கெடும் என்று மற்ற இரண்டும் பின்னாலேயே போயின. அதன்பின் மூன்றும் ஒரே நேரத்தில், மயிரிழை பிசகாமல், துரையின் நாய் குரைப்பதைக் கேட்டன. ‘ஒத்திசைவு முழுமை’ என்று கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

பெற்றீசியா அதிகாரியைத் தேடிப் பங்களாவுக்கே ஏறிப் போனாள். “சரிவுல ஒண்ணயாச்சும் விட்டிருக்கலாமே சேர்?”

“அங்க மண்ணு வெடிச்சிக் கெடக்கு மிஸ். பெட்டி உருண்டுட்டா யாரு பதில் சொல்றது?”

“அப்ப ஆபத்தான எடந்தானா?”

“கருவிக்கு மட்டும்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்க பிள்ளைங்களுக்கு முப்பத்தாறு காது இருக்குங்க. அதையும் கருவின்னு எழுதிக்கங்களேன்!”

கோபத்தில் சொன்னதுதான். அதிகாரியோ கைநூலைப் புரட்டினார். அதில் துணைச்செவிகளுக்கு இடமிருந்தது. “ஆனா எல்லாம் ஒரே நேரம் காட்டணும் மிஸ்.”

“பத்து மணிக்குப் பால் வரலன்னா பதினெட்டும் ஒண்ணா அழும். வந்து பாருங்க.”

மறுநாள் செய்மதிக் கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்தார். பரிசோதனையின் பொருட்டுப் பால் நிறுத்திவைக்கப்பட்டது. பத்து மணி கடந்து இரண்டாவது விநாடியில் மடுவமே அலறியது. மரத்தடிக் கருவியைவிட இரண்டு விநாடி கூடுதல் துல்லியம்! ‘துணைச்செவிகள், பதினெட்டு. பாதுகாப்பான இடத்தில் வைக்கப்பட வேண்டியவை’ என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அன்றைக்கே துரையின் கார் பங்களா கராஜைவிட்டு வெளியேறி மழையில் நின்றது. கராஜில் தொட்டில்கள் ஏறின. பெற்றீசியா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

நாலு மணிக்குத் தாய்மார் கொழுந்துக் கூடையோடு வந்தார்கள். பூரணி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இனி எங்களுக்குப் பயமே இல்ல மிஸ்.”

“ஆமாங்க்கா,” என்றாள் பெற்றீசியா.

கருவிகளின் கடமை நேரம் நாலு மணியோடு முடிகிறது. துணைச்செவிகள் பதினெட்டும் தாய்மாரோடு இறங்கி, மடுவத்துக்குப் பத்தடி கீழே, அதே சரிவின் அடியிலுள்ள தொழிலாளர் லயத்துக்குத் தூங்கப் போயின. பெற்றீசியாவும் கராஜைப் பத்திரமாகப் பூட்டிவிட்டு, அதே லயத்திலிருக்கும் தன் ஒற்றையறைக் காம்பராவுக்கு நடந்தாள்.