நான் திருத்திய ‘வாஸ்’

மண்ணூர்பேட்டை,
வியாழன் காலை.

கும்பகோணத்தில் இருக்கும் மச்சான் உதயகுமார் அவர்களுக்கு ஞானசேகரன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர அனைவரும் நலம்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, என் எஞ்சிய வாழ்நாளில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று எழுதுவதில்லை என முடிவெடுத்தேன். நடக்காததைக் கற்பனையாகச் சொல்லும்போது ‘இஃப் ஐ வேர்’ என்பதே சரி என்கிறது பேத்தியின் இலக்கணப் புத்தகம். அதோடு நின்றிருக்கலாம். ஏழே காலுக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் விஷால், ‘இஃப் ஐ வாஸ் எ மெஜிஷியன்’ கழிவுநீர் மோட்டாரை இன்றே ஓட வைத்திருப்பேன் என்று ஆங்கிலத்தில் எழுதினார். இங்கே பக்கத்தில், பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதனை செய்த கை. ‘வேர்’ என்று திருத்திவிட்டது.

எங்கள் வழக்கம் தங்களுக்குத் தெரியாது. இங்கே தேர்தல் கிடையாது. குறை சொன்னவர் தலையில் பதவி விழும். கோதண்டம், தண்ணீர்த் தொட்டியில் பாசி என்றார், செயலாளரானார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், எந்த ஊர் என்று எவருக்கும் சொல்வதில்லை. அடுத்து, லிஃப்டில் மின்விசிறி ஓடவில்லை என்று விஷால் ஒரே ஒரு வரி எழுதினார். ஆறே மாதத்தில் முன்நெற்றி அகன்றுவிட்டது. நான் ஏழு வருடமாகக் கட்டைவிரல் படத்தைத் தவிர எதுவும் போட்டதில்லை. செவ்வாய் மாலைக்குள் என் திருத்தத்துக்குக் கீழே இருபத்தாறு கைதட்டல்கள், ‘தேங்க் யூ அங்கிள்’ என்று விஷாலின் நன்றி. நேற்றுப் பால் வாங்கப் போனால், காவலாளி துலுக்கானம் எழுந்து நின்று சலாம் வைக்கிறார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

“இன்னா சார், வாய வுட்டு மாட்டிக்கினியே! மோட்ரு நின்னா கயிவுத்தண்ணி எடுக்குற லாரிக்காரன் இனிமே உன் ஊட்டுக் கதவத்தான் தட்டுவான்.”

“நான் இங்கிலீஷைத்தானப்பா சொன்னேன்!”

“கோதண்டம் சாரும் பாசியத்தான் சொன்னாரு.”

தங்கள் தங்கை சொர்ணமோ, “நாலு பேர் மதிக்கிறாங்க, அதுக்குப் போய் நடுங்குறீங்களே” என்கிறாள். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஞாயிறு பத்து மணிக்குக் குடியிருப்புக் கூட்டம், பதவி என் தலையில் விழப்போவது அங்கேதான். தாங்கள் சனிக்கிழமை மாடிப்படியில் விழுந்து, என்னை உடனே வரச்சொல்லிப் போன் செய்ய வேண்டும். எலும்பு முறிய வேண்டாம், சுளுக்கு போதும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
ஞானசேகரன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் விஷால் கூட்ட அறிவிப்பைக் கொண்டுவந்து, “அங்கிள், ஒருவாட்டி பார்த்துடுங்க” என்றார். இரண்டு இடத்தில் ‘வாஸ்’ இருந்தது. சிவப்பு மையில் திருத்தி, தொழிற்சாலை வழக்கப்படி அடியில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே ‘புதிய செயலாளர்’ என்று அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். தாங்கள் விழ வேண்டியதில்லை. மோட்டார் அறைக்கு இரண்டு சாவிகள். இரண்டும் என்னிடம் இருக்கின்றன.