கவலைக்குப் பட்டா

பசலி 1354-ம் வருஷம், அதாவது 1944-ம் ஆண்டு, செஞ்சிப் பக்கத்தில் மழை சுமார், மல்லாட்டை என்கிற நிலக்கடலை மகசூல் மத்திமம், பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் மனநிலை மட்டும் இன்னதென்று சர்க்காருக்குத் தெரியவில்லை.

இது தெரியாமல் ராஜ்யபாரம் நடத்துவது சரியல்ல என்று சென்னையில் ஒரு பெரிய அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. சீமையில் அப்போது அதுதான் நாகரிகமாம். பிள்ளைகள் ஏன் பதறுகிறார்கள், ஏன் சோர்ந்து கிடக்கிறார்கள், அதில் தாய் தகப்பனுக்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ந்து தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்களாம். நமக்கு மட்டும் அந்த நாகரிகம் கூடாதா? 'இளம்பருவத்தார் மனக்கவலை, மனச்சோர்வு மற்றும் அவற்றில் குடும்பத்தாரின் பொறுப்பு குறித்த விசேஷ விசாரணை' என்று உத்தரவு பிறந்தது. டாக்டர்களெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டபடியால், கூடாரம் கையிருப்பில் உள்ள ஒரே இலாகாவிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அது நிலம் அளக்கிற இலாகா.

அவர்களுக்கு நிலம் அளக்கத்தான் தெரியும். அதனாலென்ன, அச்சடித்த படிவங்கள் மூட்டை மூட்டையாக இருந்தனவே! 'நிலம்' என்ற இடத்தை அடித்துவிட்டு 'கவலை' என்று எழுதிக்கொண்டார்கள். கண்ணீர் வருகிற கவலை நஞ்சை. கண்ணீர் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கிடப்பது புஞ்சை. காரணமில்லாமல் எப்போதாவது வந்துபோவது மானாவாரி. குடும்பத்தாரின் பொறுப்புக்கு 'பாசன ஆதாரம்' என்ற கட்டம் தயாராகவே இருந்தது. தகப்பன் ஏரி, தாய் கிணறு.

ராஜகிரி மலையடிவாரத்தில் கூடாரம் எழும்பியது. விசேஷ தாசில்தார் ஆதிமூலம் வந்து இறங்கினார். தமுக்கு அடித்தார்கள்.

சர்க்கார் எதை அளந்தாலும் பின்னாலேயே வரி வரும் என்பது ஊர் அறிந்த விஷயம். ஜமாபந்தியில் விளைந்த நெல்லையே இல்லையென்று சொல்லிப் பழகிய ஜனங்கள், விளைந்த கவலையையா ஒப்புக்கொள்வார்கள்? "இந்த வருசம் எங்க ஊட்ல ஒண்ணுமே இல்லீங்க, எசமான்" என்று வரிசையில் நின்று சத்தியம் செய்தார்கள். பாவாடை என்கிற குடியானவன் ஒரு படி மேலே போய், தன் மகனுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, தாசில்தார் முன்னால் விடாமல் சிரிக்க வைத்தான். அந்தப் பையன் அதற்கப்புறம் ஒரு வாரம் தாடை வலியால் கஞ்சி குடித்தான்.

கவலை உண்டு என்று தானாகப் போய் ஒப்புக்கொண்டவர் ஊரிலேயே ஒருத்தர்தான். அவர் லூர்துநாதன்.

நல்ல மனுஷன். கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, ஒரு ஜோடி மாடு, மனைவி சவரியம்மாள், ஒரே மகள் இருதயமேரி. மகளென்றால் அவருக்கு உயிர். அந்த மகள் நாலு மாதமாகப் பேசவில்லை. சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுவாள். கோயிலில் செபம் சொன்னாலும் உதடு மட்டும் அசையும். எட்டாவது தேறியதும் "போதும்மா" என்று லூர்துநாதன் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டாரே, அதே நாளிலிருந்துதான் இப்படி. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார், மந்திரிக்கச் செய்தார், நாட்டு வைத்தியம் பார்த்தார். பெண் இப்படியே கரைந்து போய்விடுவாளோ என்று பயந்தார். வரி போட்டால் போடட்டும் என்றுதான் கூடாரத்துக்குப் போனார்.

"எசமான், எம்பொண்ணு பேச மாட்டேங்குது. இன்னான்னு நீங்கதான் பாக்கணும்."

ஆதிமூலத்துக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இருபது நாளில் அவருக்குக் கிடைத்த முதல் கவலை அது.

"அழுவுதா?"

"இல்லீங்க."

"புஞ்சை," என்றார் தாசில்தார். பக்கத்திலிருந்த கணக்குப்பிள்ளை அரிகிருஷ்ணன் எழுதிக்கொண்டார். "எதனால வந்துச்சு? நீ சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சா இங்க ஏன் வரேன்? அதையே கூட்டிக்கினு வரேன், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

ஆதிமூலம் பேனாவைக் கீழே வைத்தார். "யோவ், அது மைனர். மைனர் வாக்குமூலம் செல்லாது. நெலத்தை அளக்கும்போது நெலத்தையா கேக்கறோம்? பட்டாதாரரைத்தானே கேக்கறோம்?"

லூர்துநாதனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் ஸ்தல விசாரணை. நிலம் அளக்கிற சங்கிலியோடு நாலு பேர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். இருதயமேரி மூலையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தகப்பன் படுக்கிற பாய் ஒன்பது அடி. தாயின் அடுப்பு பதினோரு அடி. கிட்டத்தில் இருப்பதுதானே பாயும்? 'பாசன ஆதாரம்: தகப்பன்' என்று பதிவாயிற்று. வீட்டு நம்பரே சர்வே நம்பர் ஆயிற்று. பிறகு, அளந்த கவலைக்கு எல்லை வேண்டாமா என்று, அவளைச் சுற்றித் தரையைத் தோண்டி நாலு கல் நட்டார்கள்.

"ஐயா, இது ஊடு! காலு தட்டி உழுந்தா யார் கேக்கறது?" என்றாள் சவரியம்மாள்.

"கல்லைத் தொட்டா குத்தம்மா. பொண்ணு கல்லைத் தாண்டி வந்து கவலைப்பட்டா அது ஆக்கிரமிப்பு," என்றார் அரிகிருஷ்ணன்.

அத்தனை நேரமும் இருதயமேரி ஒவ்வொருவர் முகமாக அண்ணாந்து பார்த்தாள். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அவர்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பத்து நாளில் முத்திரையோடு பட்டா வந்தது. லூர்துநாதனுக்கு எழுத்து தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். பயந்துகொண்டே அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். நாலு மாதம் கழித்து அந்த வீட்டில் அவள் குரல் கேட்டது.

"சர்வே நம்பர் நாப்பத்தேழு. பட்டாதாரர் லூர்துநாதன். தரம், புஞ்சை. ஆதாரம், தகப்பன். குறிப்பு: பேச்சு இல்லை, எதிர்ப்பு இல்லை, ஆட்சேபணை இல்லை." நிமிர்ந்தாள். "நைனா, இவ்ளோ எழுதியிருக்காங்களே, என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலயே?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே, கண்ணு?"

"ஒம்பதாவது படிக்கணும்னு. திண்டிவனத்துல ஆஸ்டல் இருக்குது. அதைத்தான்."

லூர்துநாதனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா! அவர் அந்த நிமிஷமே அவளை, பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ்ஸில் ஏற்றித் திண்டிவனத்துக்கு அனுப்பியிருக்கலாம். தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, எந்தத் துரையும் இல்லை. ஆனால் சர்வே நம்பர் விழுந்துவிட்ட ஒரு கவலையைச் சர்க்காருக்குத் தெரியாமல் தீர்த்துவிட அவருக்குத் தைரியம் வரவில்லை. கூடாரத்துக்கு ஓடினார்.

"எசமான், தெரிஞ்சிபோச்சு! பொண்ணு படிக்கணுமாம்!"

"மனு கொடு," என்றார் ஆதிமூலம். "பொண்ணைப் படிக்க வெக்கலாமா கூடாதான்னு தகப்பன் சம்மதம் வேணும். அந்த ஆளுக்கு நோட்டீஸ் அனுப்புறேன்."

"தகப்பன் நான்தாங்களே. எனக்குச் சம்மதம்."

"நீ மனுதாரர். மனுதாரரும் நோட்டீஸ் வாங்குறவரும் ஒரே ஆளா இருந்தா விசாரணை எப்பிடிய்யா நடுநிலையா நடக்கும்? மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேன். நீ ஊட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனார். கோப்பு சென்னைக்குப் போனது.

"உத்தரவு வந்துச்சா, நைனா?" என்று இருதயமேரி தினமும் கேட்டாள். பிறகு வாரம் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அவர் மட்டும் மாதம் ஒரு நினைவூட்டு மனு போட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குள் ஊரில் நாகரிகம் மாறிவிட்டது. கவலைக்கு வரி கிடையாது என்பது தெரிந்ததும், முத்திரை போட்ட கவலை உள்ள குடும்பம் பெரிய குடும்பம் என்று பேச்சு கிளம்பியது. பாவாடை தன் மகனைக் கூட்டிக்கொண்டுபோய், "எசமான், அன்னிக்குச் சும்மா சிரிச்சான். உள்ள பூரா நஞ்சைங்க" என்று கெஞ்சி ஒரு பட்டா வாங்கினான். கல்யாணப் பேச்சில் நகைக்கு முன்னால் பட்டாவைக் கேட்டார்கள். தளவானூரிலிருந்து காஸ்பர் என்கிற மாப்பிள்ளையின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, நாற்பத்தேழாம் நம்பரின் குறிப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பூரித்துப்போனார்கள். பேச்சு இல்லை, எதிர்ப்பு இல்லை, ஆட்சேபணை இல்லை! இப்படி ஒரு அடக்கமான பெண் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த மருமகள் வேறு எங்கே கிடைப்பாள்? படித்துக் காட்டியவள் இருதயமேரிதான். நாற்பத்தாறில் கல்யாணம் ஆயிற்று.

நடுவில் நாடு சுதந்திரம் அடைந்தது. கோப்பு அடையவில்லை.

நாற்பத்தெட்டில் அதுவும் வந்து சேர்ந்தது. இருதயமேரி அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மூன்று மாதப் பெண்குழந்தை. அவளை அழைத்துப்போகக் காஸ்பரும் வந்திருந்தான். ஆதிமூலம் கதர்ச் சட்டையில் நேரிலேயே வந்து உத்தரவைக் கொடுத்தார். மனுதாரரின் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதில் சர்க்காருக்கு ஆட்சேபணை இல்லை.

இருதயமேரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தாள். மடித்துத் தகப்பனிடம் கொடுத்தாள். லூர்துநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆதிமூலத்தின் வேலை முடியவில்லை. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, குழந்தையின் தூளியிலிருந்து தாயின் பாய்க்குச் சங்கிலி பிடிக்கச் சொன்னார். "மூணு அடி. நல்ல பாசனம். நாப்பத்தேழுல உட்பிரிவு ஒண்ணுன்னு எழுதிக்க. பட்டாதாரர் காஸ்பர்."

"எழுதிக்குங்க," என்றான் காஸ்பர் பெருமையாக.

"இதுக்கு இன்னா கவலைன்னு இதையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் இருதயமேரி.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாசில்தார் சிரித்தார், கணக்குப்பிள்ளை சிரித்தார், காஸ்பர் சிரித்தான், வேடிக்கை பார்க்க வந்த பாவாடைகூடச் சிரித்தான். மூணு மாசக் குழந்தையைக் கேட்பதாம்!

லூர்துநாதன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. மகளிடம் செய்த தப்பைப் பேத்தியிடம் செய்வதில்லை என்று அன்றைக்கே மனதில் உறுதி எடுத்துக்கொண்டார். விடிந்ததும் முதல் வேலையாக, பேத்திக்குப் பேச்சு வந்தவுடன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று தாசில்தாருக்கு ஒரு மனு கொடுத்தார்.

மனுவை எழுதிக் கொடுத்தவள் இருதயமேரி. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று கூடாரத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்.