கிறிஸ்புலோவின் வியாதிகள்

"பலினாஸ்! உள்ள வாங்க!"

உதவியாளப் பெண் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கிறிஸ்புலோ பலினாஸ் எழுந்து வாசலைப் பார்த்தார். பிலிப்பைன்ஸில் இலோயிலோ நகரச் சந்தையில் இருபது வருஷமாகப் பன்றி வெட்டுகிறவர்தான். ஆனால் ஊசி என்றால் உயிரே போய்விடும். கடைவாய்ப் பல் வலியை ஒரு மாதமாக மனைவி எவுசேபியாவிடம் மறைத்து, ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளிவந்தார். இன்று காலை அவள், "சட்டையை மாத்துங்க, பல் டாக்டர்கிட்டப் போகணும்" என்றபோது குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டார்.

அவள் கழிப்பறைக்குப் போயிருந்தாள்; அங்கே நீண்ட வரிசை. நழுவிவிடலாம் என்றால் உதவியாளப் பெண் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அமிஹான் சின்னப் பெண். சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இன்னைக்குப் பல்லைப் பிடுங்கிடலாம். வேற ஏதாவது வியாதி இருக்கா? இருந்தா யோசிச்சுத்தான் கை வைக்கணும்."

கிறிஸ்புலோவுக்கு வழி தெரிந்துவிட்டது.

"பி.பி. இருக்கும்மா. பயங்கர பி.பி."

அளந்து பார்த்தார்கள். பயத்தில் அது நிஜமாகவே எகிறியிருந்தது.

"கொஞ்சம் அமைதியா உக்காருங்க. இறங்கினதும் பிடுங்கிடலாம்."

"சர்க்கரையும் இருக்கு!"

சுருக்கென்று விரலில் ஒரு குத்து. "சர்க்கரை சரியாத்தானே இருக்கு?"

"மாத்திரை போடறேனே! ரத்தம் நீர்த்துப்போற மாத்திரையும் போடறேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "அதெதுக்கு? இதயத்துல கோளாறா?"

"ஆமா."

"நெஞ்சு வலிக்குமா?"

"எப்பவாவது."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"இப்பதான்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். பத்தே நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை, கையில் ஊசி, நரம்பு அகப்படாமல் மறு கையிலும் ஊசி. "பொய் சொன்னேன்டா, விடுங்கடா!" என்று அலறினார். "நெஞ்சுவலிக்காரங்க எல்லாரும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாங்க" என்று அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டினார்கள்.

அப்போதுதான் எவுசேபியா கழிப்பறையிலிருந்து வெளியே வந்தாள்.

"பாவி! என்னை ஏண்டி இங்க இழுத்துட்டு வந்த?" என்று கதறினார் கிறிஸ்புலோ.

அவள் ஸ்ட்ரெச்சரிடம் ஓடிவந்தாள்.

"துணைக்குத்தானேங்க கூட்டிட்டு வந்தேன்! பிடுங்கப் போறது என் பல்லை!"