நாலாவது மிஷின்

இன்றைக்கு எப்படியும் குடித்துவிடுவார். குடிக்காமல் இருக்க இனி அவருக்குக் காரணம் ஏது?

தண்ணீர் டம்ளரைத் தட்டில் வைத்தபோது அன்புக்கரசி மனதுக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் தெருக்கோடி மாடிவீட்டு நாச்சியம்மாள். சூலூரின் இந்தப் புது லே-அவுட்டுக்கு அன்புக்கரசியும் கணவன் எழிலும் குடிவந்ததிலிருந்து வாரம் தவறாமல் வருகிறார். மல்லிகைச்சரம் தருவார், கோயில் பிரசாதம் தருவார். தண்ணீர் மட்டும் குடிக்கமாட்டார்.

"தண்ணி குடிங்க அக்கா."

நாச்சியம்மாள் டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோனார். அப்புறம் மோந்து பார்த்தார்.

"போர்த் தண்ணியா கண்ணு?"

"இல்லீங்க அக்கா. நல்ல தண்ணிதான். காய்ச்சி, ஆறவெச்சு, துணியில வடிகட்டியிருக்குது."

"காய்ச்சினா கிருமி சாகும். உப்பு சாகுமா? உப்பு எவ்வளவுன்னு டி.டி.எஸ். பாத்தியா? ஒரு ஆர்.ஓ. மிஷின் போட்டுப்போடு அம்மணி. நமக்குத் தெரிஞ்ச பையன் இருக்கறான், அனுப்பறேன்." டம்ளர் டீப்பாயில் உட்கார்ந்தது. நாச்சியம்மாள் எழுந்தார். "வாரேன் கண்ணு."

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர். ஊர், பேர், வந்த காரியம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கொடுத்த தண்ணீரைத் தொடாமல் ஒருவர் எழுந்து போனால், வேறெதுவும் அவர் வாயால் சொல்லவேண்டியதில்லை.

அன்புக்கரசிக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வேலைக்குப் போன அவள் அப்பாவுக்குத் தோப்புக்காரர் வீட்டில் டம்ளர் தரமாட்டார்கள். குவித்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். இதை அவள் எழிலிடம்கூடப் பேசியதில்லை. அவனுக்கும் அப்படி ஒரு கதை இருந்தது. அவனும் பேசியதில்லை.

அதனால் டி.டி.எஸ். என்ற சொல் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படியானால் குறை தண்ணீரில்தான். தண்ணீரை மாற்றிவிடலாம்.

மறுநாளே நாச்சியம்மாள் அனுப்பிய தேஜா வந்தான். முப்பது வயதிருக்கும், மூச்சுவிடாமல் பேசினான். அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு ஸ்விட்சைப் போட்டான். தெளிந்திருந்த தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, சாக்கடையாக நுரைத்தது.

எழில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைத்துக் கொடுப்பவன்.

"இதயாங்க இத்தன நாளாக் குடிச்சோம்?"

"குடிச்சும் உசுரோட இருக்கறீங்களே சார், அதான் எனக்கு ஆச்சரியம்."

முதல் மிஷின் சுவரேறியது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு குடம் கழிவு நீரை வெளியே தள்ளியது. எழில் அதைப் பின்பக்க வாழைக்குத் திருப்பிவிட்டான். வாழை கருகியது.

நாச்சியம்மாள் வந்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஆர்.ஓ. தண்ணி செத்த தண்ணியாமா கண்ணு. சத்தெல்லாம் போயிருதாம். இப்ப எல்லாரும் மினரல் சேக்கறதுதான் போடறாங்க."

இரண்டாவது மிஷின் வந்தது. அதை மாட்ட இடமில்லாமல் அஞ்சறைப் பெட்டி பீரோவுக்குள் குடிபோனது. எழிலின் சட்டைகளில் சீரகம் மணத்தது.

"மினரல் சரி. ஆனா செம்பு இல்லியே அம்மணி," என்றார் நாச்சியம்மாள்.

மூன்றாவது மிஷின். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் குழாய் போனது. சமையலறை இரவும் பகலும் உறுமியது. அன்புக்கரசி கேட்டதற்கெல்லாம் எழில் "என்னது?" என்று கத்தினான். வருடக் கடைசியில் ஊட்டிக்குப் போவதாக இருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள்.

"அன்பு, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றான் எழில் ஒருநாள். "பேட்டரிய நக்குன மாதிரி இருக்குது தண்ணி. நான் டீக்கடையிலதான் குடிச்சுட்டு வாரேன்."

"நானும் ஸ்கூல்லயே குடிச்சுக்கறனுங்க."

"அப்ப இதெல்லாம் யாருக்கு?"

அவள் கணக்கு டீச்சர். எந்தக் கணக்கையும் இரண்டு வழியில் போட்டு விடையைச் சரிபார்ப்பவள். இந்தக் கணக்குக்கு மட்டும் இன்னொரு வழியை அவள் போட்டுப் பார்க்க விரும்பவில்லை. அதில் என்ன விடை வரும் என்று தெரியும்.

அடுத்த வாரம் நாச்சியம்மாள் டம்ளரைத் தொட்டு, தொண்டையைத் தடவிக்கொண்டார். "செம்பு எனக்குச் சூடு கண்ணு. அல்கலைன்னு ஒண்ணு வந்திருக்குதாமா..."

"அடுப்பத் தூக்கி வாசல்ல வெச்சுக்கலாமுங்க," என்றான் எழில், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

நாலாவது மிஷினோடு தேஜா வந்தபோது வீட்டில் அவள் தனியாக இருந்தாள். பழக்கதோஷத்தில் டம்ளரை நீட்டினாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான். அவளுக்கு ஏனோ கண் கலங்கியது.

"தேஜா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நாச்சியம்மாக்கா ஊட்ல என்ன மாடல் வெச்சிருக்காங்களோ, அதையே இங்கயும் போட்டுப்போடுங்க. அவங்க ஊட்டுத் தண்ணி எப்பிடியோ, எங்க ஊட்டுத் தண்ணியும் அப்பிடியே இருந்துட்டுப் போவுது."

தேஜா ட்ரில்லை நிறுத்தினான்.

"அவங்க ஊட்லயா? அங்க மிஷினே இல்லீங்க மேடம். குழாய்த் தண்ணிதான். பானையில ஊத்தி வெச்சுக் குடிக்கறாங்க."

அன்புக்கரசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கைக்கு அகப்பட்டது இரண்டாவது மிஷின். அது உறுமுவது உள்ளங்கையில் அதிர்ந்தது. அப்படியானால் குறை தண்ணீரில் இல்லை. இத்தனை மாதமும் பக்கத்தில் வரவிடாமல் தள்ளிவைத்திருந்த அந்த விடை, இப்போது சமையலறைக்கு நடுவில் வந்து நின்றது.

"அப்பறம் எங்க ஊட்ல மட்டும்..." மிஷினிலிருந்து கையை எடுத்தாள். "எங்க ஊட்ல மட்டும் எதுக்குங்க குடிக்க மாட்டேங்கறாங்க?"

"உங்க ஊட்ல மட்டுமா?" தேஜா சிரித்தான். "இந்த லே-அவுட்ல ஒரு ஊட்லயும் குடிக்க மாட்டாங்க. அவங்க சொந்தத் தங்கச்சி ஊட்லயே தொடறதில்ல. எங்க கடை ஓனரே அவங்கதானுங்க மேடம்! தண்ணி குடிக்காம எந்திரிச்சு வர்றதுதான் அவங்க யாவாரமே."

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. சிரிப்பு வருகிறதா, அழுகை வருகிறதா என்று அவளுக்கே புலப்படவில்லை.

"மத்த ஊட்டுக்காரங்க எல்லாம் ஒரு மிஷினோட முடிச்சுட்டாங்க," என்றான் அவன், பாராட்டும் குரலில். "எதிரூட்டு அரங்கசாமி அண்ணன், 'குடிச்சாக் குடிங்க, குடிக்காட்டிப் போங்க'ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டாரு. நாலு வரைக்கும் வந்தது நீங்க ஒருத்தர்தானுங்க. எதுக்குன்னு அக்காவுக்கே வெளங்குல."

அன்புக்கரசிக்கு விளங்கியது.

"அட, மறந்தே போயிட்டேன். ஆர்.எஸ்.புரத்துல புதுசா ஒரு கடை தொறக்கறோம். உங்களச் சேத்துக்கலாமான்னு அக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. டீச்சருன்னா மரியாதையா உள்ள கூப்புடுவாங்களாம். வேலை சுளுவுங்க மேடம். ஊடு ஊடாப் போகோணும், நல்லாப் பேசோணும். தண்ணி குடுத்தா வாங்கி, குடிக்காமக் கீழ வெச்சுட்டு வந்தரோணும். அவ்வளவுதான்."

அவன் காலி செய்த டம்ளரை அவள் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அது என்னால ஆவாதுங்க," என்றாள் மெதுவாக. "யாரு குடுத்தாலும் நான் குடிச்சுப்போடுவனுங்க."