தாய்மாமனைப் புரோட்டீன் ஆக்கியவன்

ஒரே ஒரு புரோட்டீனைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தவனுக்கு மூளை இருக்கும் என்று நீங்கள் நினைத்தால், என்னைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நான் வடிகட்டிய முட்டாள். (பட்டம் வாங்கிய முட்டாள். ஆபத்து இன்னும் ஜாஸ்தி.)

வேங்கிக்காலுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவளுடைய தாய்மாமன்தான். ஏதோ சீர்வரிசைத் தகராறில் அவரும் பெண்ணின் அப்பாவும் பேசாமலிருந்து, அன்றுதான் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவிலேயே அம்மா எச்சரித்திருந்தாள்: "அவரு தலையாட்டினாதான்டா கல்யாணம்."

"தம்பி என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

'லேபில் வேலை' என்று முடித்திருக்கலாம். மேதையாயிற்றே, முடியுமா?

"உங்க சமையல்கட்டுதாங்க மரபணு. வர்ற பஜ்ஜி அதோட நகல். மாமாதான் நான் ஆராயற புரோட்டீன். மாமா வாசல்ல நின்னு குரல் கொடுத்தா பஜ்ஜி வரும்."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். அங்கே நிறுத்தியிருந்தால் இன்று எனக்குக் குழந்தைகள் இருந்திருக்கும்.

"ஆனா இதே மாமா உங்ககூட சேர்ந்துட்டா அடுப்பையே அணைச்சிடுவாரு. ஆள் ஒண்ணுதான். கூட யாரு இருக்காங்களோ அதுக்கேத்த மாதிரி வேலை மாறிடும். இன்னொரு வேலையும் இருக்குங்க. வர்ற பஜ்ஜிய வழியிலேயே மடக்கி அழிச்சிடுவாரு."

(அப்போது மாமாவின் வாய் நிறைய பஜ்ஜி. நான் கவனிக்கவில்லை.)

பெண்ணின் அப்பா தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா மச்சான்? வெளியாளுக்கே தெரியுது. அன்னிக்கு வந்த சீரை வழியிலேயே மடக்கினது யாருன்னு!"

மாமா எழுந்துவிட்டார். "இதுக்குத்தான் என்னைக் கூப்ட்டீங்களா? இந்தச் சம்பந்தம் வேணாம். நடக்க விடமாட்டேன்!"

காலில் விழுந்திருக்க வேண்டிய நேரம். நானோ கைதட்டினேன்.

"பாருங்க, பாருங்க! இதைத்தான் சொன்னேன். கொண்டாந்தவரே இப்ப தடுக்கிறாரு!"

உள்ளே அவள் அறைக்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. எங்களுக்குக் காபி வரவில்லை.

சொந்தத்தில் எவனுக்குக் கல்யாணம் தட்டிப்போனாலும், "பஜ்ஜிய யாரோ மடக்கிட்டாங்கப்பா" என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

இப்போது போளூரில் ஓர் இடம் வந்திருக்கிறது. சட்டையை இஸ்திரி போட்டபடி அம்மாவிடம் கேட்டேன்: "என்ன வேலைன்னு கேட்டா என்னம்மா சொல்லட்டும்?"

"உனக்குப் பேச்சு வராதுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."