பெரட்டு அண்ணன் என் வலைப்பூவுக்கு ஆள் சேர்த்த விதம்

விளம்பரக் கலைக்கு உலகில் ஒரு தலைமைப் பீடம் இருந்திருக்குமானால், அது மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே, உடைந்த தொலைபேசித் திரைகளுக்கு நடுவே, ஒரு முக்காலியில்தான் வீற்றிருந்தது. அவரது இயற்பெயரை அவருடைய தாயாரே மறந்திருக்கக்கூடும். எங்களுக்கு அவர் பெரட்டு அண்ணன். தோட்டத் தொழிலாளர் விடியற்காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டை, தொலைபேசி திருத்தும் கடையிலும் நடத்திய ஒரே மனிதர்.

நான் அக்காலத்தில் பேச்சு மேடைகளை அதிரவைத்துக்கொண்டிருந்தேன். அம்முழக்கங்களையெல்லாம் கட்டுரைகளாக்கி ஒரு வலைப்பூவில் ஏற்றினேன். அதன் வாசகர் வட்டம் நானும் என் மறுவாசிப்புமே. பல்கலைக்கழகத்துக்காகக் கொழும்பு புறப்படுமுன், முன்பின் அறியாத ஒரு வாசகராவது வராவிட்டால் வலைப்பூவை மூடிவிடுவதென்று தீர்மானித்தேன். திரை மாற்றக் கொடுத்த தொலைபேசியை வாங்கப் போனபோது அத்தீர்மானத்தை அண்ணனிடம் அறிவித்தேன்.

"மூடுறதா? இன்னும் கடையவே தொறக்கலயே, தங்கச்சி! படத்தப் போடுங்க. படத்தப் பாத்துட்டுத்தான் ஆளு உள்ள வரும்."

படங்களுக்கென்றே உள்ள செயலியில் அன்றே கணக்குத் திறந்தார். படத்தின்மீது பொறிக்க என் கட்டுரையிலிருந்து ஒரு சிறு வசனம் கேட்டார். தேடினோம், அகப்படவில்லை.

"என்னங்க இது, ஒங்க வசனம் ஹட்டன்ல ரயிலேறினா நானுஓயாவுலதான் எறங்குது! நடுவுல எங்கயாச்சும் நிப்பாட்டுங்க."

கூடையோடு சிரிக்கும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தை நான் முன்மொழிந்தேன். "அந்தச் சிரிப்பத்தான் தேயிலப் பெட்டியிலயே அச்சடிச்சிருக்கானே!" என்று நிராகரித்தார். அவர் எடுத்தவை யாவும் பாதிப் படங்கள். பஸ் நடத்துநரோடு ஒரு கிழவி சண்டையிடுவார். சண்டைக்குக் காரணமான பொருள் மட்டும் படத்துக்கு வெளியே போயிருக்கும். கீழே ஒரே வரி: "மிச்சம் வலைப்பூவுல." அந்த மிச்சத்தை நான் அவசர அவசரமாக எழுதியாக வேண்டும்.

பிறகு பெரட்டு தொடங்கியது. கடை திறக்கும்போதே எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், இளைஞர்கள் பெயர் கொடுக்க வாசலில் நிற்பார்கள். வாசித்துக் கருத்து எழுதியவர்களுக்கு முழுப்பேர். படத்துக்கு இதயக்குறி மட்டும் இட்டால், கொழுந்து நிறை குறைந்த நாளில் தோட்டத்தில் அரைநாள் சம்பளமாக விழுவதைப் போல அரைப்பேர்.

"அண்ணே, எல்லாப் படத்துக்கும் ஹார்ட் போட்டேனே!" என்று முறையிட்டான் பக்கத்து லயத்து ரவி.

"கூடைய எத்தன தடவ தூக்குனன்னு கொழுந்து நிறுக்குற கண்டாக்கு கேப்பாரா? கொழுந்தக் காட்டுடா!"

அரைப்பேருக்கு அஞ்சி மறுநாள் அத்தனை பேரும் கருத்து எழுதினார்கள். சமூக விடுதலை பற்றிய என் கட்டுரையின் கீழ் அவை வரிசையாக நின்றன: "வந்துட்டேங்க." "நானும் வந்துட்டேன்." "செல்வி வரமாட்டா, காய்ச்சல்."

நான் கொதித்துப்போனேன். "என்னண்ணே, என் கட்டுரைய பெரட்டுக்களமாவே ஆக்கிட்டீங்க! எல்லாத்தையும் அழிக்கப் போறேன்!"

"வந்தவனத் தொரத்துனா நாளைக்கி எவன் வருவான்? சும்மா இருங்க."

அன்று மாலை, அந்த வரிசையின் முடிவில் எவரும் அறியாத ஒருவர் நின்றார். "நானும் வந்திருக்கேங்க, டோஹாவுல இருந்து. நம்ம பக்கம் இன்னும் பெரட்டு நடக்குதா?" அடுத்து வெள்ளவத்தைக் கடையொன்றில் வேலை செய்பவர், பின்னர் வலப்பனையில் தையற்காரி ஒருவர். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு கட்டுரைகளையும் வாசித்துவிட்டு, "விடுதல சரிங்க, எங்க லயத்தப் பத்தி எப்ப எழுதுவீங்க?" என்று அதட்டவும் செய்தார்கள்.

கொழும்பு புறப்பட்ட காலையில், வலைப்பூவை மூடப்போவதில்லை என்று முறைப்படி அறிவிக்கக் கடைக்குப் போனேன். செறிவான நன்றியுரை ஒன்றும் கைவசம் இருந்தது. அண்ணன் திருகாணியைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தார்.

"சரி சரி, பஸ்ஸு போயிரும். நாளைக்கி எந்தப் படம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அந்தக் கடை இப்போது இல்லை. அண்ணன் பொல்பிட்டியப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் கைதட்டல் கேட்டுவிட்டேன். ஆனால் என் எழுத்துக்கு நாளை என்று ஒன்று உண்டென முதலில் நம்பியவர், என் நன்றியுரையைக் கேட்க நேரமில்லாத அந்த மனிதர்தான்.