போகாத பிளேனுக்கு இரண்டு வழியனுப்பு விருந்து

வின்னிபெக்,
பிப்ரவரி 26, வியாழன்

பேரன்புள்ள பசீதா அக்காவுக்கு,

தம்பி பெர்மின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகள் அசுசேனாவும் உறைந்த நலம். நம்ம ஊர் லீப்பாவில் நீங்களும், உங்கள் முழங்காலும், என் சேவல் கர்னலும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா, இன்று காலை பத்து மணி பிளேனில் நான் இருந்திருக்க வேண்டும். இல்லை. என் வழியனுப்பு விருந்தில் மீந்த பான்சித் நூடுல்ஸை, வழியனுப்பப்பட்டவனே நாலாவது நாளாகச் சூடுபண்ணித் தின்றுகொண்டிருக்கிறேன். வெட்கம் என்னவென்றால் இது இரண்டாவது விருந்து. முதல் விருந்தில் மீந்ததையும் நான்தான் தின்றேன்.

எல்லாம் திரும்பி வருகிற டிக்கெட்டால் வந்த வினை. அசுசேனா போனிலேயே படித்துப் படித்துச் சொன்னாள். "அப்பா, இங்க ஆறு மாசம் இருக்க விடுவாங்க, அப்புறம் மனு போட்டு நீட்டிச்சுக்கலாம். ஆனா ரிட்டர்ன் டிக்கெட் இல்லேன்னா மணிலாவிலேயே பிடிச்சு உட்கார வச்சுருவாங்க. ஆறு மாசம் முடியறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி தேதி போட்டு எடுங்க. தேதி மாத்துற வசதி இருக்கணும், மறந்துராதீங்க." எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றேன். அன்று சாயங்காலமே முடிவெட்டப் போன இடத்தில் டொமெங் கத்திரியை ஆட்டிக்கொண்டு, "ஆறு மாசம்னு போட்டா ஓடி ஒளியப் போறேன்னு நினைப்பாங்க அண்ணே. மூணு வாரம் போடுங்க. மரியாதையா இருக்கும்" என்றான். முப்பது வருஷம் ஜீப்னி பஸ் ஓட்டியவன் நான். போன வண்டி திரும்பி வருவதற்கு யாரிடமும் தேதி கேட்டதில்லை. மகள் பேச்சை விட்டுவிட்டு, கத்திரிக்காரன் பேச்சைக் கேட்டு, இருபத்தொரு நாளில் திரும்புகிற, தேதியைத் தொடவே முடியாத டிக்கெட்டை எடுத்தேன்.

அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டிய பதிலைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன்: "இருபத்தொரு நாள், சுற்றிப் பார்க்க." மணிலாவில் அந்தப் பையன் அதிகாரி பெட்டியைத் திறந்தான். நீங்கள் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை ஏழு, கருவாடு நாலு கிலோ. "இருபத்தொரு நாளைக்கு இவ்வளவு கருவாடா தாத்தா?" என்றான். "கனடாக்காரங்க பாவம் சார், அவங்களும் ருசி பார்க்கட்டும்" என்றேன். சிரித்து முத்திரை குத்திவிட்டான்.

மனப்பாடம் செய்தது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டதுதான் கேடு. இங்கே வந்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் நம்ம ஊர்க்காரி பெலிசா, கோயில் பாட்டுக் குழுவுக்குத் தலைவி, "எவ்வளவு நாள் அண்ணே இருப்பீங்க?" என்றாள். அவள் போட்டிருந்த நீலக் கோட்டும் பித்தளைப் பொத்தான்களும் அசல் அதிகாரி மாதிரியே இருந்தன. என் வாய் தானாக "இருபத்தொரு நாள், சுற்றிப் பார்க்க" என்றது. அவ்வளவுதான். நான் பெட்டியைக் காலிபண்ணி முடிக்கும் முன் எனக்கு வழியனுப்பு நாள் குறித்துவிட்டார்கள். முழுப் பன்றி ரோஸ்ட், கரோக்கி, இருபத்திமூன்று குடும்பம். நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா, ஒருத்தன் ஊருக்குப் போகிறான் என்றால் அவன் கையில் பொட்டலம் கொடுக்காமல் விடுவார்களா? மொத்தம் பதினொரு பொட்டலம். வைட்டமின் மாத்திரை, ஷூ, டின் இறைச்சி, சாக்லேட். நானும் மைக்கைப் பிடித்து அழுதேன். அசுசேனா மூலையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இருபத்தொரு நாளைக்கா உங்களைக் கூட்டிட்டு வந்தேன்? சொல்ல வேண்டியதுதானே!" என்றாள். "பன்னியே வெந்துடுச்சு, இனிமே எப்படிம்மா சொல்றது?" என்றேன்.

அந்தப் பிளேனில் என் சீட் மட்டும் மணிலா போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு என்னைக் கோயிலில் பார்த்து பெலிசா சிலுவை போட்டுக்கொண்டாள். "என்ன அண்ணே, பிளேன் பாதி வழியில இறக்கி விட்டுருச்சா?" பொட்டலங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ஒருத்தரும் வாங்கவில்லை, "அடுத்த தடவை போறப்ப கொண்டு போங்க" என்றார்கள். (அக்கா, டின் இறைச்சியும் ஷூவும் பத்திரம். சாக்லேட்டுக்காகக் காத்திருக்கிறவர்களிடம், அதற்கு ஆயுசு கம்மி என்று பக்குவமாகச் சொல்லிவிடவும்.)

அப்புறம் அசுசேனாவே சரியான டிக்கெட் எடுத்தாள். பிப்ரவரி 26, தேதி மாற்றலாம். ஜனவரியில் நீட்டிப்புக்கு மனுவும் போட்டாள். "எதற்காகத் தங்க வேண்டும்" என்று கேட்ட இடத்தில் "நாட்டைச் சுற்றிப் பார்க்க" என்று எழுதினாள். "நான் பஸ் ஸ்டாப்பைத் தாண்டலையேம்மா" என்றேன். "அதான் இன்னும் நாள் கேக்கறோம்" என்றாள். ஆகஸ்ட் 31 வரை இருக்கலாம் என்று பதில் வந்தது. அதைப் பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, "இருக்கு, வேணும்னா. உங்க இஷ்டம் அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? மாப்பிள்ளை கால்கரிக்கு வேலைக்குப் போய் வேலையோடு அங்கேயே தங்கிவிட்ட கதை உங்களுக்கு மட்டும் தெரியும். வேலையோடு மட்டும் தங்கவில்லை என்பதும் தெரியும். அவள் முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறாள். வீட்டிலும் ஒரு கிழவன் கருவாடு வறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? போன வாரம்கூட, "அப்பா, என் யூனிபார்ம்ல எல்லாம் இந்த நாத்தம்!" என்று கத்தினாள். நானும், "எனக்கென்னம்மா, கர்னல் காத்துக்கிட்டிருப்பான், கிளம்பறேன்" என்றேன். அவள் யூனிபார்மைத் தோய்க்கப் போய்விட்டாள். நானும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஞாயிறன்று இரண்டாவது விருந்து. அதே இருபத்திமூன்று குடும்பம், அதே பாட்டு. "அண்ணே, இந்தத் தடவை நிஜமாவே போறீங்களா, இல்ல பன்னி உயிர் மட்டும்தான் போகுதா?" என்று பெலிசா மைக்கிலேயே கேட்டாள். இன்னும் நாலு பொட்டலம் சேர்ந்தது.

நேற்று சாயங்காலம் அசுசேனா வேலையிலிருந்து வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல், "அப்பா, பிளேன் கம்பெனிக்காரனே உங்க தேதியை மாத்திட்டான். ஆகஸ்ட் இருபத்தெட்டாம். என்ன பண்றது, நம்ம கையில என்ன இருக்கு" என்றாள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "ஆறு மாசமா! இவனுங்க என்ன பிளேன் ஓட்டறானுங்களா, பட்டம் விடறானுங்களா? ஒரு மனுஷன் நிம்மதியா ஊர் போய்ச் சேர முடியுதா?" என்று மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டும்வரை கத்தினேன். "விடுங்கப்பா, பிரஷர் ஏறப்போகுது" என்று சமாதானம் சொல்லிவிட்டு, அவளே இரண்டு கருவாடு எடுத்து வறுத்தாள்.

ஆகவே அக்கா, பழி முழுக்கப் பிளேன் கம்பெனி மேல். வருகிற ஆகஸ்ட் 28-ல் அவசியம் புறப்படுவேன். கர்னலுக்குச் சோளம் குறைக்க வேண்டாம், சண்டைக்கும் விட வேண்டாம். நம் குலம் காக்கும் மாதா உங்கள் முழங்காலைக் காப்பாளாக. டொமெங்குக்கு என் விசாரிப்பு வேண்டாம்.

அன்புத் தம்பி,
பெர்மின்

பின்குறிப்பு: மேலே பிளேன் கம்பெனியைப் பற்றி எழுதியதை அடித்துவிடவும். படித்ததும் இந்தத் தாளையும் அடுப்பில் போட்டுவிடவும். நேற்றுக் காலை அசுசேனா வேலைக்குப் போனதும், ஒன்பது மணிக்கு, நானே கம்பெனிக்குப் போன் போட்டேன். இன்னும் ரெண்டே ரெண்டு வாரம் தள்ளித் தர முடியுமா என்று கேட்கத்தான். அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கே மாத்தியாச்சே சார். உங்க வீட்டு நம்பர்ல இருந்துதான், ஒரு லேடி பேசினாங்க. எவ்வளவு தள்ளித் தேதி கிடைக்குமோ அதைப் போடுங்கன்னு கேட்டாங்க" என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் மகளுக்காக அந்தக் கம்பெனியை வாய் வலிக்கத் திட்டினேன். நானும் போன் போட்டேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.